ஓடுபாதையைச் சூழ்ந்த நிலம்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை நோக்கிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளின் அடிவாரத்தில் பல கிளைகளாகப் பிரிந்து பரந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் காணாதவர் மலையகத்தில் மிகச் சிலரே இருப்பர். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட அதன் அணை மின்சார உற்பத்தியின் பொருட்டு ஏற்பட்டதெனினும், அண்மைக் காலத்தில் அந்நீர்ப்பரப்புக்கு வேறொரு பயனும் வாய்த்தது: கொழும்பிலிருந்து சுற்றுலாப் பிரயாணிகளை ஏற்றி வரும் சிறு நீர்விமானங்கள், தம் அடிவயிற்றில் பூட்டிய இரு மிதவைகளைக் கொண்டு, மலைகளுக்கிடையே தாழ்ந்து வந்து அங்கு இறங்கலாயின. நுவரெலியாவில், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டு அமைந்த கிரகரி வாவியிலும் இத்தகைய விமானங்கள் இறங்கியதுண்டு.

அதே நீரில் நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி மீன் பிடிக்கின்றன. கரையோரச் சேற்றில் கொக்குகள் நிற்கின்றன. செம்பருந்து மேலே வட்டமிட்டுத் தாழ்ந்து வந்து, நீரின் மேற்பரப்பிலிருந்தே இரையைக் கவர்ந்து செல்கிறது. பறவை அவ்விடத்தை நாடி வருவதற்கும் விமானம் நாடி வருவதற்கும் உள்ள காரணம் ஏறத்தாழ ஒன்றே என்பது சற்று யோசித்தால் விளங்கும். மலையும் மரமும் செறிந்த ஒரு பிரதேசத்தில், தடையின்றி இறங்கவும் தடையின்றி எழும்பவும் ஏற்ற அகன்ற சமதளம் அந்த நீர்ப்பரப்பு ஒன்றே. தாழ்நிலத்திலும் நிலைமை வேறன்று. விமான நிலையத்துக்கென மனிதன் தேர்ந்தெடுக்கும் இடம், பெரும்பாலும் நகருக்குப் புறம்பான, கட்டிடங்களற்ற, சதுப்பையோ கடலேரியையோ ஒட்டிய, புல் வளர்ந்த வெளியாகவே அமைகிறது. நாரைக்கும் ஆட்காட்டிக்கும் அதைவிட உவப்பான இடம் வேறு கிடையாது. ஆகவே விமானத்துக்கும் வனஜீவன்களுக்கும் இடையே நேரும் மோதலைத் தற்செயலான துரதிருஷ்டம் என்று கொள்வது சரியாகாது. இரு சாராரும் ஒரே நிலத்தை விரும்புவதன் இயல்பான விளைவு அது. அதைத் தடுக்கும் வழியும் ஓடுபாதையின்மீது நின்று பட்டாசு வெடிப்பதில் அன்று, ஓடுபாதையைச் சூழ்ந்த நிலம் எவ்வாறு இருக்கிறது என்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பது இந்த அத்தியாயத்தில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

மலையக மக்களுக்கு விமான விபத்து என்றதும் நினைவுக்கு வருவது பறவை அன்று, மலை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவில், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் செல்ல வந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், தன் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்துத் தாழ்ந்து, மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னிமலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அந்தத் துயரத்தில் வனஜீவன்களுக்குப் பங்கில்லை. எனினும், ஆகாய மார்க்கத்தின் பத்திரம் அதன் கீழேயுள்ள நிலத்தை அறிவதைப் பொறுத்தது என்னும் உண்மையை அம்மலைச் சரிவுகளில் வாழ்ந்தவர்கள் பிறர் எவரினும் நன்கு அறிவர்.

மனிதன் பறக்கத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே பறவையோடு மோதலும் தொடங்கிவிட்டது. 1905ஆம் ஆண்டில் ஒரு வயல்வெளிக்குமேல் பறந்துகொண்டிருந்தபோது ஓர்வில் ரைட்டின் விமானத்தில் பறவையொன்று மோதியது ரைட் சகோதரர்களின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தை முதன்முதலில் விமானத்தால் கடந்த கால்பிரெய்த் ரொஜர்ஸ், 1912ஆம் ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியக் கரையோரத்தில் ஒரு கடற்காக்கையோடு மோதி விழுந்து உயிரிழந்தார். அக்கால விமானங்கள் மெதுவாகவும் பேரிரைச்சலோடும் பறந்தமையால் பெரும்பாலான பறவைகள் விலகிப் போக அவகாசம் பெற்றன. ஜெட் யுகம் வந்ததும் இந்த அவகாசம் மறைந்தது. 1960ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் திகதி, பொஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்து எழும்பிய எலெக்ட்ரா விமானம் ஒன்று, மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் குருவிகளின் பெருங்கூட்டத்துக்குள் புகுந்து, எஞ்சின்கள் வலிமை இழந்து நீரில் வீழ்ந்தது. 72 பேரில் 62 பேர் இறந்தனர். ஒரு ஸ்டார்லிங்கின் எடை நூறு கிராமுக்கும் குறைவு. அபாயத்துக்குப் பறவை பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதையும், எண்ணிக்கையே போதும் என்பதையும் உலகம் அன்று கற்றது. 1988ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் பஹீர்தார் நகரில் புறாக்கூட்டம் ஒன்று ஒரு போயிங் விமானத்தை வீழ்த்தியபோது 35 பேர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் மாண்ட ஜேஜூ எயார் விபத்தில், இரு எஞ்சின்களிலும் பைக்கால் கிளுவை என்னும் வலசை வாத்தின் இறகுகள் காணப்பட்டன.

ஒரு பறவை இவ்வளவு பெரிய இயந்திரத்தை எவ்வாறு சேதப்படுத்தும் என்று கேட்பவர்கள், பறவையின் எடையை மட்டும் எண்ணி வேகத்தை மறந்துவிடுகிறார்கள். இயங்கும் பொருளின் சக்தி எடையோடு நேராகவும் வேகத்தோடு வர்க்கமாகவும் விருத்தியடைகிறது என்பது இயற்பியலின் பால பாடம். வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள சாம்பல் நாரை ஒன்றை, மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஜெட் விமானம் மோதுவதாகக் கொள்வோம். அம்மோதலின் சக்தி சுமார் 3,900 ஜூல். ஐம்பது கிலோ கோதுமை மா மூட்டை எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தாக்கும் சக்தி அது. மூட்டையின் அடி பரந்து விழுகிறது. பறவையின் அடியோ உள்ளங்கையளவு இடத்தில், ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கிலும் குறைந்த நேரத்தில் விழுந்துவிடுகிறது. சுழலும் எஞ்சினின் முன்தகடுகளில் ஒன்று அதனால் வளைந்தால், அந்தத் தகடு அடுத்ததைத் தாக்க, சேதம் உள்ளே உள்ளே பரவுகிறது.

இங்கு மலைநாட்டுக்கே உரிய ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கை அதே தாங்குவலிமையைப் பெற வேண்டுமானால் விமானம் உண்மையில் இன்னும் வேகமாகச் செல்ல வேண்டும். விமானியின் முன்னுள்ள வேகமானி நீர்கொழும்பில் காட்டும் அதே எண்ணைக் கிரகரி வாவியின் மேலும் காட்டும். ஆனால் விமானம் உண்மையில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் செல்லும், எதிரே வரும் பறவையின் அடியோ ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கும். நமது வாவிகளில் இறங்கும் செஸ்னா கேரவன் போன்ற விமானங்கள் ஒற்றை எஞ்சின் கொண்டவை. அவற்றில் காற்று எஞ்சினுக்குள் நேரே பாயாமல் வளைந்து திரும்பிப் புகுமாறு அமைந்திருப்பதால் பறவை உள்ளே போய்ச் சேரும் அபாயம் குறைவுதான். அவை இறங்கும் வேகமும் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தில் பாதியளவே. ஆனால் பெரிய பயணிகள் விமானங்களின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவையொன்று பறப்பு வேகத்தில் மோதினாலும் துளைபடாமல் தாங்க வேண்டுமென்ற கடும் விதி, இச்சிறு விமானங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. அதோடு, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் பறவைக் கூட்டம் எதிர்ப்பட்டால் திரும்பி விலகுவதற்கு விமானிக்கு உள்ள இடமும் சொற்பம்.

பறவை ஏன் விலகுவதில்லை? பருந்தின் கண் கூர்மையில் நிகரற்றது. காக்கையின் புத்தி பிரசித்தம். ஆயினும், அமெரிக்க ஆய்வாளர் டிராவிஸ் டிவால்ட்டும் அவருடைய குழுவினரும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு மனத்தை உருக்கும் விடையொன்றைத் தருகிறது. திரையில் வாகனம் ஒன்று தம்மை நோக்கி வருவதுபோன்ற காட்சியைச் சில பறவைகளுக்குக் காட்டி, அவை எந்தக் கணத்தில் தப்பிப் பறக்கின்றன என்று அவர்கள் அளந்தார்கள். வாகனம் மெதுவாக வந்தாலும் விரைந்து வந்தாலும், ஏறத்தாழ முப்பது மீட்டர் தூரத்துக்கு வந்த பின்னரே அவை எழுந்தன. வேகத்தை அவை கணக்கில் எடுக்கவில்லை. பாயும் நரியும் தாழும் கழுகும் நிறைந்த உலகில் பல லட்சம் ஆண்டுகளாகப் பழகிய இந்தக் கணக்குப் பறவைக்குப் போதுமானதாகவே இருந்து வந்தது. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் முப்பது மீட்டரைக் கடக்க அரை விநாடி கூட வேண்டியதில்லை. அப்பறவைக்கு அச்சம் இல்லாமலில்லை, அறிவும் இல்லாமலில்லை. இந்த வேகத்தை அதன் வம்சம் ஒருபோதும் சந்தித்ததில்லை, அவ்வளவே. ஆகையால் கடைசிக் கணத்தில் பறவை விலகிவிடும் என்ற நம்பிக்கையில் எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் அமைத்தல் ஆகாது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, பயணிகள் விமானங்களில் பறவை மோதும் நிகழ்ச்சிகளில் பத்தில் ஏழு பங்கு தரையிலிருந்து 500 அடிக்குட்பட்ட உயரத்திலேயே நேர்கின்றன. அதாவது, ஓடுபாதையிலும் அதன் இரு முனைகளையும் அடுத்த நிலத்தின் மேலும் நேர்கின்றன. இதுவே பரிகாரத்துக்கும் வழிகாட்டுகிறது. பறவை அங்கு வருவது உணவுக்காக, நீருக்காக, அல்லது பத்திரமாகத் தங்குவதற்காக. இம்மூன்றில் எது கிடைக்கிறது என்று கண்டு அதை அகற்றினால் பறவை தானே வேறிடம் நாடும். ஐரோப்பாவில் ஓடுபாதையோரப் புல்லை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளரவிடும் வழக்கம் உண்டு; உயர்ந்த புல்லுக்குள் மண்புழுவைக் காணவும் இயலாது, அயலிலுள்ள கூட்டாளியையும் பகைவனையும் காணவும் இயலாது என்பதால் மேயும் பறவைகள் அதை வெறுக்கின்றன. நம்முடைய வெப்பநாட்டில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. உயர்ந்த புல் நமக்கு எலியைத் தருகிறது. எலி பாம்பையும் பருந்தையும் அழைக்கிறது. முதல் மழைக்குப் பின் மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்போது தகைவிலானும் உழவாரனும் இரட்டைவால் குருவியும் எங்கிருந்தோ வந்து குவிவதைத் தோட்டத்து லயத்தின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு, விளக்குகள் எரியும் ஓடுபாதையில் அந்த மாலை எவ்வாறு இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விமான நிலையமும் தன் மண்ணையும் மழையையும் பூச்சியையும் தானே கற்றுக்கொள்ள வேண்டும். பிற தேசத்துக் கைநூல் பாதி வழி மட்டுமே துணை வரும்.

ஓசையெழுப்பும் துப்பாக்கி, பட்டாசு, பறவையின் அபயக்குரலை ஒலிபரப்பும் கருவி, பழக்கிய வல்லூறு, ஓட்டிச் செல்லும் நாய் ஆகிய உபாயங்கள் யாவும் பயனுள்ளவையே. புளோரிடாவில் ஒரு விமான நிலையம் 1999ஆம் ஆண்டில் ஆட்டிடையர் நாயொன்றை இதற்கென நியமித்து நல்ல பலன் கண்டது. ஆயினும் வெறும் ஓசைக்குப் பறவை விரைவில் பழகிவிடுகிறது. சில நாட்களில் அது வெடிச்சத்தத்தைக் கேட்டுச் சற்று நகர்ந்து அமர்வதோடு நின்றுவிடும். உணவு அங்கேயே கிடக்கும்போது அச்சம் நெடுநாள் நிலைப்பதில்லை.

உணவு என்றால் முதலில் நினைக்க வேண்டியது குப்பை. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 91ஆம் விதி, விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் மிருகங்களைக் கொன்று உரிப்பதையும், பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும் குப்பையைக் கொட்டுவதையும் தடைசெய்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் வழிகாட்டிகள் குப்பைமேடுகளைப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைக்குமாறு சொல்கின்றன. காசல்ரீயை நடுவாக வைத்து அத்தகைய வட்டமொன்றை வரைந்தால் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய நகரங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. கிரகரி வாவிக்கோ நுவரெலியா நகரமே கரையாக இருக்கிறது. சந்தைக் கழிவும் இறைச்சிக்கடைக் கழிவும் ஓடைகளின் வழியே நீர்த்தேக்கத்தை அடைவது சுகாதாரத்துக்குக் கேடு என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. காக்கையையும் பருந்தையும் விமானத்தின் வழியில் கொண்டுவந்து நிறுத்தும் காரியமும் அதுவே என்பதை நகரசபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் எடுத்துச் சொல்வார் அரிதாகவே உள்ளனர்.

இலங்கையில் இந்த விஷயம் முழு உருவத்தோடு வெளிப்பட்ட இடம் மத்தள. ஹோர்ட்டன் சமவெளியின் தென்விளிம்பில் உலகமுடிவு எனப்படும் பெருஞ்செங்குத்தில் நின்றால், தெளிந்த காலைப்பொழுதில் தெற்கே தாழ்நிலம் கடல்வரை விரிவதைக் காணலாம். அச்சமவெளியில் ஊற்றெடுக்கும் வளவை கங்கை உடவளவையைக் கடந்து அம்பாந்தோட்டை மாவட்டத்துக்குள் இறங்குகிறது. அந்த வறண்ட நிலமே நாட்டின் யானைகளும் நீர்ப்பறவைகளும் மிகச் செறிந்து வாழும் பிரதேசங்களுள் ஒன்று. 1990ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனம் பெற்ற பூந்தல அங்கு உள்ளது. லுணுகம்வெஹெர அதற்கு வடக்கேயும் யால கிழக்கேயும் உள்ளன. நாட்டின் இரண்டாவது சர்வதேச விமான நிலையத்தை முதலில் வீரவிலவில் அமைக்க எண்ணினார்கள். வீரவில வாவி பறவைகளின் சரணாலயம். சுற்றாடல் ஆட்சேபங்கள் எழுந்தமையால் அவ்விடம் கைவிடப்பட்டு, மத்தளவின் புதர்க்காடு தேர்ந்தெடுக்கப்பட்டது. பறவையின் பொருட்டு ஓரிடத்தை விட்டவர்கள், யானையும் மானும் எருமையும் மயிலும் உலவும் காட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். அயலிலுள்ள ஈரநிலங்களிலிருந்து பறவைகளும் தொலைவில் இல்லை.

2013ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி 3,500 மீட்டர் நீளமான ஓடுபாதையோடு மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் செல்லுமுன்பே ஸ்ரீலங்கன் விமான சேவை அங்கிருந்து விலகியது. விமானங்கள் குறையக் குறைய, வெறிச்சோடிய வெளியை விலங்குகள் மீண்டும் தமதாக்கிக்கொண்டன. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் 300க்கு மேற்பட்ட படைவீரரும் பொலிஸாரும் வரிசையாக நிறுத்தப்பட்டு, பட்டாசு வெடித்து, யானைகளையும் எருமைகளையும் மான்களையும் வளவிலிருந்து துரத்தினர். அந்தச் சம்பவத்தைப் பலர் ஒரு விநோதச் செய்தியாகவே வாசித்தனர். எனக்கோ அது பெருந்துயரம் தருவதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அந்த வேலை முடிவடையக்கூடிய வேலையன்று. யானைகளின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிருதிவிராஜ் பெர்னாண்டோ போன்றோர் காட்டியிருப்பதுபோல, யானை தன் சஞ்சாரப் பிரதேசத்தை எளிதில் கைவிடுவதில்லை; துரத்தும்போது குட்டிகளோடு கூடிய பெண்யானைக் கூட்டங்கள் விரட்டப்பட்டுப் பட்டினிக்கு ஆளாக, தனித்துத் திரியும் ஆண்யானைகளோ பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பொறுமையாக அளந்து, மிருகங்களின் வழித்தடங்களைக் குறித்து, அதன் பின்னர் இடத்தைத் தேர்ந்திருந்தால், அத்தனை வீரரையும் வெடியையும் கொண்டு செய்ய முயன்றதை ஒரு வரைபடத்தின்மேல் பென்சிலால் செய்திருக்கலாம்.

தரையிலுள்ள மிருகத்தை வேலியால் ஓரளவு தடுக்கலாம் என்பது உண்மை. வேலியில் சிறிது கவனம் தளர்ந்தாலும் என்ன நேரும் என்பதற்கு, 2014ஆம் ஆண்டு நவம்பரில் சூரத் விமான நிலையத்தில் எழும்புவதற்காக ஓடிக்கொண்டிருந்த போயிங் விமானமொன்று எருமையின்மேல் மோதிய சம்பவம் சான்று. மயிலுக்கோ வேலி ஒரு பொருட்டன்று. ஆண்மயிலின் எடை நான்கு முதல் ஆறு கிலோ. மிகப்பெரிய ஜெட் எஞ்சின்களைச் சோதிக்கும்போது கூட 3.65 கிலோ எடையுள்ள பறவையைத்தான் உட்செலுத்துகிறார்கள். அச்சோதனையும், எஞ்சின் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று கேட்பதில்லை, வெடித்துச் சிதறாமலும் தீப்பற்றாமலும் அடங்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. வறண்ட வலயத்துக்கே உரியதாயிருந்த மயில் இப்போது காடழிந்த வழிகளினூடே ஈரவலயத்துக்குள்ளும் பரவி வருகிறது. மலைநாட்டிலும் இதைக் கவனித்து வருவது அவசியம்.

எந்தப் பறவை மோதியது என்று அறிவது எப்படி? மோதலின் பின் எஞ்சுவது பெரும்பாலும் சிறிது இரத்தமும் நைந்த இறகுத் துணுக்கும் மட்டுமே. பொஸ்டன் விபத்தின் பின்னர் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ரொக்ஸி லேபோர்ன் என்னும் பெண்மணி, அத்துணுக்குகளைக் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் இறகிழைகளின் நுண்கிளைகளை ஆராய்ந்து, பறவையின் இனத்தைச் சொல்லும் கலையை விருத்தி செய்தார். எஞ்சின்களையும் கண்ணாடிகளையும் எவ்வளவு எடைக்குத் தாங்குமாறு அமைக்க வேண்டும் என்பதற்கு அந்த ஞானமே ஆதாரமாயிற்று. இன்று மரபணுச் சோதனையும் அதற்குத் துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஹட்சன் ஆற்றில் விமானி சலன்பேர்கர் 155 பேரையும் உயிரோடு இறக்கிய நிகழ்ச்சியில், எஞ்சின்களை நிறுத்தியவை கனடா வாத்துகள் என்று அறிந்ததோடு ஆய்வாளர் நின்றுவிடவில்லை. இறகு வளரும் இடத்து நீரின் தன்மை இறகிலுள்ள ஐதரசனின் கனத்த அணுக்களுக்கும் இலேசான அணுக்களுக்கும் இடையிலான விகிதத்தில் பதிந்திருக்கும் என்பதைக் கொண்டு, அவ்வாத்துகள் நகர்ப்புறத்திலேயே நிலைத்து வாழ்பவை அல்ல, வடக்கே லாப்ரடோர் பிரதேசத்திலிருந்து வலசை வந்தவை என்று நிறுவினர். நகரத்துப் பூங்காக்களில் மேயும் வாத்துகளைக் கொல்வதால் மட்டும் அத்தகைய அபாயம் நீங்காது என்பது அதனால் விளங்கிற்று. ஆனால் அதன்பின்னும் அங்கு கொல்லுதல் நடந்தது. அச்சம் கொண்ட சமூகம் அகப்பட்ட ஜீவனையே தண்டிக்கிறது.

இஸ்ரேலில் யோசி லெஷெம் என்னும் பறவையியலாளர் 1980களில் வேறு வழியைக் கண்டார். வலசைப் பறவைகளை அவர் இயந்திரக் கிளைடரில் உடன் பறந்து தொடர்ந்து, அவை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த உயரத்தில் செல்கின்றன என்று வரைபடமாக்கினார். விமானப்படை தன் பயிற்சி நேரங்களை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. சேதம் பெருமளவு குறைந்தது. ஒரு பறவையும் கொல்லப்படவில்லை.

நமக்கு இவ்வரைபடம் இன்னும் அவசியம். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலுமிருந்து தெற்கு நோக்கி வரும் பறவைகளின் பெருவழி இலங்கையில் முடிவடைகிறது. இதற்குத் தெற்கே தென்துருவக் கண்டம் வரை நிலம் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவர் குழுவினரும் மன்னாரில் பிடித்து, செய்மதிக் கருவி பூட்டி விட்ட கடற்காக்கைகள் 2021ஆம் ஆண்டில் ருஷ்யாவின் ஆர்க்டிக் கரையோரம்வரை சென்றதைக் காட்டினர். மலைநாட்டுக்கும் விருந்தினர் உண்டு. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் காணவென்றே தூரதேசத்தார் வருகிறார்கள். இவை மரநிழலில் வாழும் சிறு பறவைகள். விமானத்துக்கு இவற்றால் பெரும் அபாயம் இல்லை. அபாயம் நீர்க்காகத்திலும் கொக்கிலும் நாரையிலும் பருந்திலும் இருக்கிறது. நீர்ப்பறவைகள் விடியலில் தங்குமரங்களை விட்டு எழுந்து, அந்தியில் திரும்பி வருகின்றன. பருந்தும் கழுகும் வெயில் ஏறிச் சரிவுகள் சூடான பின்னர், சரிவோடு மேலெழும் காற்றில் சிறகசைக்காமல் மிதக்கின்றன. பிற்பகலில் மஞ்சு மூடுவதால் விமானி காலையையே விரும்புவார். விடியலின் பறவை எழுச்சி அடங்கி, சரிவுக்காற்று வலுப்பெறுமுன் உள்ள அந்த இடைவேளை எந்த நீர்த்தேக்கத்தில் எத்தனை மணிக்கு அமைகிறது என்பதை, அங்கேயே நின்று பார்த்துக் குறித்தவர்களால்தான் சொல்ல முடியும்.

குறிப்பாகக் கவனிக்க வேண்டிய காலம் மாசி முதல் சித்திரை வரையுள்ள மாதங்கள். அப்போது மேற்குச் சரிவில் மழை குறைந்து நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீருள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் வெளியே தலைகாட்டுவதும் இக்காலத்தில்தான். நீர் இறங்கிய கரைகளில் சேறு அகன்று விரிய, ஒதுங்கிய குட்டைகளில் மீன் சிக்க, கொக்கும் நீர்க்காகமும் திரள்கின்றன. இறங்குவதற்கு உரிய நீர்ப்பரப்போ ஒடுங்குகிறது. வலசைப் பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படுவதும் அதே காலம். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கென ஏப்ரலில் நாடெங்குமிருந்து ஜனங்கள் திரள்வதும், அவர்களால் வாவிக்கரையில் எச்சிலும் குப்பையும் குவிவதும், பிரயாணிகளின் வரவு உச்சமடைவதும் அப்போதே.

இவற்றைச் சமாளிக்கப் பெருந்தொகை வேண்டியதில்லை. விமானம் வருமுன் படகொன்று இறங்குவழியைச் சுற்றி வந்து பறவைகளை மெல்ல ஒதுக்க வேண்டும். கூட்டம் ஒதுங்கவில்லையெனில் அச்செய்தி விமானிக்கு எட்ட வேண்டும். விமானியும் முதலில் உயரே ஒரு சுற்று வந்து பார்த்தே இறங்க வேண்டும். வசந்தகாலம் முழுவதும் வாவிக்கரைக் குப்பை அன்றன்றே அகற்றப்பட வேண்டும். மோதல் எவ்வளவு சிறிதாயினும் இடமும் நேரமும் பறவையின் பெயரும் எழுதப்பட்டுச் சிவில் விமான அதிகார சபைக்குச் செல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் இறகைக் காகிதத்தில் மடித்து அனுப்ப வேண்டும். பறவைக் கணக்கை எடுக்க நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் போதும். எந்தத் திட்டில் நீர்க்காகம் தங்குகிறது, எந்த மலையின் மேல் பருந்து முதலில் எழுகிறது என்பவற்றை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். வாரத்துக்கு ஒரு காலை என ஓர் ஆண்டு எண்ணி எழுதினால், காசல்ரீக்கு ஒரு பறவை நாட்காட்டி கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு அதையே கிரகரி வாவியிலும் மவுசாக்கலையிலும் செய்யலாம்.